எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லை. எனக்கும் வராதுதானே? வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை. தெரிந்தவர் யாருக்கோ வந்திருக்கும், அந்தப் பயத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அக்காவுக்கு வந்தபோது வீட்டில் எல்லோரும் சொன்னதும் இதேதான்: "நம்ம வம்சத்துலயே கிடையாதே!" ஆனால் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் இந்த நோய் வருவது 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். பாதிப் பேருக்கு, பெண் என்பதையும் 40-ஐத் தாண்டிய வயதையும் தவிர வேறு காரணமே தென்படுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அக்காவுக்கு அப்போது 46 வயது. கண்ணாடி முன் நின்று தலை துவட்டக் கையைத் தூக்கியபோது, இடது மார்பின் ஓரத்தில் தோல் ஒரே இடத்தில் உள்வாங்கியிருந்தது. கையை இறக்கினால் ஒன்றும் தெரியாது. தொட்டுப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி, அமுக்கினாலும் வலியில்லை. "வலிக்காத கட்டி ஒண்ணும் செய்யாது, விடு" என்றார்கள் பெரியவர்கள். அவள் கேட்கவில்லை. அந்த வாரமே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன், பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது) எல்லாம் முடித்தாள். (ஊசி குத்தினால் பரவிவிடும் என்பது சுத்தப் பொய்.) அக்குளுக்குப் பரவும் முன்பே பிடித்துவிட்டதால் மார்பை முழுதாக எடுக்கவில்லை. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இன்று நன்றாக இருக்கிறாள்.

வரவே வராது என்று யாராலும் உறுதி தர முடியாது, வாய்ப்பைக் குறைக்கலாம். மது கொஞ்சம் என்றாலும் ஆபத்தைக் கூட்டும். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்பில்தான் உற்பத்தியாகிறது, அதனால் அந்த வயதில் எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். உடற்பயிற்சி உதவும், தாய்ப்பால் கொடுப்பதும் உதவும். உடனே "கொடுக்க முடியாத அம்மாக்களைக் குத்திக் காட்டுகிறாயா" என்று கமெண்டில் வராதீர்கள். என் அக்கா இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தவள், ஒல்லியானவள், மதுவைத் தொட்டதே இல்லை. அவளுக்கும் வந்தது. யார் மேலும் பழி போட நான் இதை எழுதவில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பயாப்ஸி முடிவு வந்த அன்று டாக்டர் அத்தானை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். கட்டி யார் உடம்பில் இருந்ததோ அவள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். இன்றும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நான் டாக்டர் இல்லை. கூடப்பிறந்தவளுக்கு வந்ததால் எனக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் தேடித் தேடித் தெரிந்துகொண்டவை இவை. புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுப்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு என்று எது தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதில்லை, ஆனால் அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். 40 ஆகிவிட்டால், ஒன்றும் தெரியாவிட்டாலும் மேமோகிராம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று சொல்லும்போது அப்பா வழியையும் விசாரித்தீர்களா? மேலே சொன்ன பரம்பரைக் கோளாறுகளில் முக்கியமான பிஆர்சிஏ (BRCA) மரபணுக் கோளாறு அப்பா மூலமாகவும் வரும். அது சினைப்பைப் புற்றுநோயையும் உண்டாக்கும். பல வீடுகளில் அதை "வயித்துல கட்டி" என்று சொல்லி மூடிவிடுவார்கள். அத்தைமார், அப்பாவைப் பெற்ற பாட்டி எல்லாம் எதனால் இறந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.