குசினிச் சுண்டெலிக்கு எந்த நஞ்சு?

கேள்வி: வெள்ளாமை வெட்டி நெல் மூட்டைகளை வீட்டுக்குள் அடுக்கியதிலிருந்து சுண்டெலித் தொல்லை. வாசலில் வந்து விற்றவரிடம் பொதி நஞ்சு வாங்கி வைத்தேன். ஐந்தாம் நாள் கூரைக்குள் செத்து நாறியது. இரண்டு வாரத்தில் மறுபடியும் வந்துவிட்டன. இதைவிடக் கடுமையான நஞ்சு எது? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: சகோதரி, நஞ்சில் குறையில்லை, சுவரில்தான் குறை. செத்தவற்றின் இடத்துக்கு வெளியில் உள்ளவை அதே வழியால் வருகின்றன. ஒரு பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலியும் நுழையும். 6 மில்லிமீற்றர் போதும். பகலில் குசினியை இருட்டாக்கிவிட்டு உள்ளே நின்று பாருங்கள். கதவடி, தண்ணீர்க்குழாய் சுவரைத் துளைக்கும் இடம், ஓடும் சுவரும் சேரும் இடம்: வெளிச்சம் கசிந்தால் அதுதான் வாசல். பழந்துணி திணிக்காதீர்கள், கூடு கட்டப் பஞ்சு கொடுத்ததாகிவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருளைத் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள். கதவடிக்குத் தகரப் பட்டி அடியுங்கள். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் பலகைமேல் வையுங்கள். அதன்பிறகு பொறி, சுட்ட தேங்காய்ச் சொட்டு, சுவரோரமாக, ஒன்றல்ல நான்கைந்து.

அந்தப் பொதியில் லேபிள் இருந்ததா? இருந்திருக்காது. ‘ஒரே இரவில் சுத்தம்’ என்று மோட்டார் சைக்கிளில் வருபவரிடம் உள்ளே என்ன மருந்து என்று கேட்டுப் பாருங்கள், விலையைத்தான் சொல்வார். பிள்ளை வாயில் வைத்துவிட்டால் வைத்தியர் கேட்பதும் உள்ளே என்ன மருந்து என்றுதான். இரத்தம் உறையாமல் செய்யும் வகைக்கு முறிவு மருந்தாக வைட்டமின் கே உண்டு. சிங்க் பொஸ்பைட் என்ற இன்னொரு வகை எலி நஞ்சுக்கு முறிவு மருந்தே இல்லை. உங்களுடையது நாட்கள் எடுத்ததால் முதல் வகையாக இருக்கலாம். இப்படி ஊகித்தா வைத்தியம் பார்ப்பது? பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980 இலேயே வந்துவிட்டது. சந்தைக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. முறையிடப் போனால் ஒரு கந்தோர் இன்னொரு கந்தோரைக் கைகாட்டும். மின்செருகியில் மாட்டி ‘ஒலியால் விரட்டும்’ கருவிக்கும் காசைக் கொட்டாதீர்கள். சில நாளில் எலி அதற்குப் பழகிவிடும்.

ஒன்று மட்டும். மூக்கு நீண்டு கூம்பி, கண் கடுகளவாக, கீச்சுக்கீச்சென்று சுவரோரம் ஓடினால் அது மூஞ்சூறு. எலி இனமே அல்ல. கரப்பான், பூச்சி, புழுதான் அதன் தீன். மூட்டையைக் கடித்து ஓட்டை போடாது. நாறும், உண்மைதான். இருந்தும் எலியென்று நினைத்து அடித்துக் கொல்லும் வீடுகளில் மறுமாதம் கரப்பான் மருந்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பொறியில் அகப்பட்டால் வேலியோரம் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், கடிக்கும்.