அல்ட்ராவை விடுங்க, மூலையில் ஓடும் எண்ணைப் பாருங்க: சைபர்பங்க் 2077 கிராபிக்ஸ் கேள்வி பதில்

சைபர்பங்க் 2020 டிசம்பரில் வந்த கேம். இத்தனை வருடம் ஆகியும் நம்ம ஊரில் புதுசாகக் கம்ப்யூட்டர் வாங்குகிற யாரும் முதலில் போட்டுப் பார்ப்பது இதைத்தான், போட்டதும் கிராபிக்ஸை அல்ட்ராவில், அதாவது உச்ச நிலையில் வைத்து, இழுக்கிறது என்று தலையில் கை வைப்பதும் இதில்தான். கோயம்புத்தூரில் தெரிந்தவர்களுக்கு அசெம்பிள் செய்து கொடுத்துப் பழகியதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என்னுடையது ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1080பி (1920க்கு 1080 புள்ளி) மானிட்டர். பெரிய மெஷின் எல்லாம் இல்லை.

பதிலுக்கு முன்னால் ஒன்று. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேர் போட்டு (கூடவே பிரேமைக் கட்டுப்படுத்தும் ரிவாட்யூனரும் வரும்), ஜிபியு (கார்டில் படம் வரையும் சிப்) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, கார்டின் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, சூடு எவ்வளவு, பிரேம் (விநாடிக்கு எத்தனை படம்) எவ்வளவு என்ற நாலையும் திரை மூலையில் ஓட விடுங்கள். கேமின் செட்டிங்ஸுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) இருக்கிறது, அதை ஓட்டுங்கள். இந்த எண் இல்லாமல் "லேக் ஆகுது" என்று மட்டும் சொன்னால் நானும் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

சோமனூரிலிருந்து: ஏழாம் தலைமுறை ஐ3-7100 மெஷினில் புதுசாக ஆர்டிஎக்ஸ் 3050 போட்டேனுங்க. மீடியத்தில் வைத்தாலும் 35 பிரேம், லோவில் வைத்தாலும் அதே 35. ஜிபியு 55 சதவீதம்தான் காட்டுது. கார்டு டூப்ளிகேட்டா?

கார்டு நல்ல கார்டுதானுங்க. லோவுக்கு இறக்கியும் பிரேம் அசையவில்லை, ஜிபியு பாதி சும்மா இருக்கிறது என்றால் மாட்டிக்கொண்டிருப்பது பிராசஸர். சோமனூர்க்காரருக்கு இதைச் சொல்ல நான் வேண்டியதில்லை: தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவர் மெதுவாகச் சுற்றினால் தறி நின்றுதானே ஆகும், தறியைக் குறை சொல்லி என்ன பண்ண? ஒவ்வொரு பிரேமுக்கும் என்ன வரைய வேண்டும் என்ற கணக்கைப் பிராசஸர் முடித்துக் கொடுத்த பிறகுதான் கார்டு வரையும், உங்கள் ஐ3-யில் இருப்பதோ இரண்டே கோர், நாலு திரெட்.

அதனால் கிராபிக்ஸை லோவில் வைத்து ஒரு லாபமும் இல்லை, தாராளமாக ஏற்றுங்கள், கார்டு 90 சதவீதம் தொடும்வரை சும்மா கிடைக்கிற அழகு அது. குறைக்க வேண்டியது கேம்பிளே பக்கத்தில் இருக்கும் கிரௌட் டென்சிட்டி. அதை லோவில் வைத்தால் தெருவில் நடக்கும் கூட்டம் குறையும், பிராசஸருக்குக் கொஞ்சம் மூச்சு வரும். பின்னால் திறந்திருக்கும் குரோமை மூடுங்கள். ரேம் 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே மாதிரி இன்னொன்று போட்டு டூயல் சேனல் (இரண்டு குச்சியும் சேர்ந்து வேலை செய்யும் முறை) ஆக்குங்கள், இந்த கேமே இப்போது குறைந்தது 12 ஜிபி கேட்கிறது. அப்புறம், உங்கள் போர்டு 200 வரிசை சிப்செட் என்றால் பழைய ஐ7-7700 ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அப்படியே உட்காரும், அது நாலு கோர், எட்டு திரெட். வாங்குவதற்கு முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

திருப்பூரிலிருந்து: கேமிங் லேப்டாப் அண்ணா. முதல் பத்து நிமிடம் 60 வருகிறது, அப்புறம் 25-க்கு விழுந்து அங்கேயே நிற்கிறது. எந்த செட்டிங்கை மாற்ற?

செட்டிங்கை அப்படியே விடு தம்பி, முதலில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார். பத்து நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் சூடுதான் காரணம், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. மற்ற ஊரில் ஃபேனில் தூசி அடையும், திருப்பூரில் பனியன் கம்பெனிப் பஞ்சு அடையும். போன வருடம் ஒரு தம்பியின் லேப்டாப்பைத் திறந்தபோது ஹீட் சிங்க் வாயில் கம்பளி மாதிரி ஒரு படலம், விரலால் உரித்து எடுத்தோம். எடுத்ததும் 15 டிகிரி இறங்கியது.

கம்பெனியில் கம்ப்ரஸர் இருக்கிறதே என்று அதை வைத்து ஊதிவிடாதே. அந்தக் காற்றில் ஈரம் வரும், வேகத்தில் ஃபேன் கண்டபடி சுற்றி பேரிங் போகும். பிரஷ் போதும், ஊதுவதாக இருந்தால் ஃபேனை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஊது. இரண்டு மூன்று வருடப் பழசு என்றால் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றிவிடு. மெத்தை மேல் வைத்து விளையாடாதே. சார்ஜர் சொருகாமல் விளையாடுவதாக இருந்தால் இந்தக் கேள்வியையே மறந்துவிடு, பேட்டரியில் எந்த கேமிங் லேப்டாப்பும் முழு வேகம் கொடுக்காது. இதெல்லாம் செய்த பிறகு ரிவாட்யூனரில் 45 பிரேமுக்குக் கட்டிப் போடு, 60-க்கும் 25-க்கும் தாவுவதைவிட நிலையான 45 கண்ணுக்கு எவ்வளவோ மேல்.

ஈரோட்டிலிருந்து, கல்லூரி மாணவி: கார்டு 98 சதவீதத்தில் ஓடுகிறது, பிரேம் 42. எதை முதலில் குறைக்கலாம்? மொத்தமாக லோவில் வைக்க மனசு வரவில்லை.

98 காட்டினால் கார்டு முழுசாக உழைக்கிறது, இப்போதுதான் கிராபிக்ஸ் பக்கம் போக வேண்டும். மொத்தமாக லோவில் வைக்கவே வேண்டாம் அம்மிணி. அந்த நீளமான பட்டியலில் விலை அதிகம் கேட்பது நாலைந்துதான், மற்றதெல்லாம் ஒன்றிரண்டு பிரேம் சமாசாரம்.

ரே டிரேசிங் (வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் வழியைக் கணக்குப் போட்டு வரையும் முறை) போட்டிருந்தால் முதலில் அதில் லைட்டிங்கை அணையுங்கள். பிரேமை மொத்தமாகக் குடிப்பது அதுதான். ரே டிரேசிங்கில் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் நான் ரிஃப்ளெக்ஷனை வைத்துக்கொள்வேன், மழை பெய்த நைட் சிட்டி (கேம் நடக்கும் நகரம்) தெருவில் நியான் வெளிச்சம் தேங்கிக் கிடப்பது அதில்தான் தெரியும். ரே டிரேசிங் இல்லாமல் ஓட்டினால் ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷனை (திரையில் தெரிவதை மட்டும் வைத்துக் காட்டும் பிரதிபலிப்பு) பாருங்கள். அதில் சைக்கோ என்று ஒரு நிலை இருக்கிறது, பேர் வைத்தவர் உண்மையைச் சொல்லித்தான் வைத்திருக்கிறார். அங்கிருந்து ஹை அல்லது மீடியத்துக்கு இறக்கினால் நடந்து போகும்போது வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, பிரேம் மட்டும் ஏறும். அடுத்தது மூட்டத்துக்கும் மேகத்துக்கும் உள்ள வால்யூமெட்ரிக் ஃபாக், வால்யூமெட்ரிக் கிளவுட், இரண்டும் மீடியம். நிழல்களுக்கான கேஸ்கேடட் ஷேடோ மீடியம். பொருள்களின் மூலை முடுக்கு நிழலான ஆம்பியன்ட் அக்லூஷனை லோவில் வைக்கலாம், அணைக்க வேண்டாம், அணைத்தால் மேஜையும் நாற்காலியும் தரையில் ஒட்டாமல் மிதக்கிற மாதிரி இருக்கும்.

டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) மட்டும் தொடாதீர்கள், கார்டின் மெமரியில் இடம் இருக்கும்வரை அது ஹையிலேயே இருக்கட்டும். பிரேமைக் கிட்டத்தட்ட தின்னாது. ஆனால் மெமரி நிரம்பிவிட்டால் வெட்டி வெட்டி ஓடும், 4 ஜிபி, 6 ஜிபி கார்டுக்காரர்கள் அப்போது இறக்கிக்கொள்ளலாம். அந்த செட்டிங் விளையாட்டின் நடுவில் மாறாது, மெயின் மெனுவுக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். ஃபில்ம் கிரெயின் (பொடிப்புள்ளி), குரோமேட்டிக் அபரேஷன் (ஓரங்களில் நிறச் சிதறல்), மோஷன் பிளர் (அசைவு மங்கல்) இதெல்லாம் வேகத்துக்காக இல்லை, ரசனைக்காக. நான் மூன்றையும் முதல் நாளே அணைத்துவிடுவேன், கண்ணாடியைத் துடைத்த மாதிரி இருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து: டிஎல்எஸ்எஸ் போட்டால் பிரேம் ஏறுது, ஆனா தூரத்தில் எல்லாம் கலங்கலாத் தெரியுது. 1080பி மானிட்டருங்க.

டிஎல்எஸ்எஸ் என்பது சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் வசதி. எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, பெர்ஃபார்மன்ஸில் இருக்கும் என்று நினைக்கிறேன். 1080பி-யில் பெர்ஃபார்மன்ஸ் என்றால் கார்டு உள்ளே வரைவது 960க்கு 540 படம், அதைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. குவாலிட்டியில் வைத்தால் 1280க்கு 720. பாலில் எவ்வளவு தண்ணீர் என்கிற கணக்குதான், 4கே மானிட்டர்க்காரர் பெர்ஃபார்மன்ஸில் வைத்தாலும் அவருக்கு உள்ளே 1080பி கிடைக்கிறது, நமக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் குவாலிட்டிக்குக் கீழே போக வேண்டாம்.

இன்னொன்று, 2025 ஜனவரியில் வந்த 2.21 அப்டேட்டில் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு டிரான்ஸ்ஃபார்மர் என்று புது மாடல் சேர்த்தார்கள், எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டிலும் ஓடும், பழையதைவிடத் தெளிவு. பழைய கார்டுகளில் ஒன்றிரண்டு பிரேம் கூடத் தின்னும், பரவாயில்லை. ஆர்டிஎக்ஸ் இல்லாத கார்டுக்கு ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் (அதே மாதிரி பெரிதாக்கும் வசதி) இருக்கிறது, ஆனால் 1080பி-யில் முடி, கம்பிவேலி மாதிரி மெல்லிய பொருள்களில் அது கொஞ்சம் மினுமினுக்கும்.

நாமக்கல்லிலிருந்து: ஃபிரேம் ஜெனரேஷன் போட்டேன், மூலையில் 65 காட்டுது. ஆனா மவுஸ் கனமா இருக்கு, சுடறதுக்குள்ள செத்துடறேன்.

போடும் முன்னால் 35 வந்திருக்கும், சரியா? ஃபிரேம் ஜெனரேஷன் நிஜப் பிரேம்களுக்கு நடுவில் சொருகுகிற பிரேம் கண்ணுக்குத்தான், கைக்கு இல்லை. உங்கள் கிளிக் பழைய 35-இன் வேகத்தில்தான் போய்ச் சேரும், அதற்கு மேல் கொஞ்சம் தாமதமும் சேரும். முதலில் மற்ற செட்டிங்குகளைக் குறைத்து, இது இல்லாமலே 55, 60 வரவழையுங்கள், அப்புறம் போட்டால் சுகமாக இருக்கும். என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்துதான், மற்ற கார்டுகளுக்கு 2024 செப்டம்பரில் எஃப்எஸ்ஆர் 3 வந்தது.

கரூரிலிருந்து: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் பழைய மாதிரியே இருக்கே?

விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு போய்ப் பாருங்கள், ரெஃப்ரெஷ் ரேட் (திரை விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது) 60-இல் நிற்கும். சிரிக்க மாட்டேன், நானே எட்டு மாதம் 60-இல் ஓட்டிவிட்டு எல்லோரிடமும் 144 பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அப்படியே கேபிள் கார்டில்தான் சொருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்றும் பின்னால் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

கோபியிலிருந்து: ஹார்ட் டிஸ்கில் போட்டிருக்கேன். வண்டி ஓட்டினா ரோடே வரைய மாட்டேங்குது.

எஸ்எஸ்டி வாங்குங்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டோடு ஹார்ட் டிஸ்க்கைக் கைவிட்டுவிட்டார்கள், எந்த செட்டிங்கும் பெரிதாக உதவாது.

தாராபுரம் பக்கம் தோட்டத்திலிருந்து: ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி). லோவில் ஓடுது, ஹை வைத்தால் மொத்தமா அணைந்துவிடுது. கிணத்து மோட்டார் போட்டால் இன்னும் சீக்கிரம்.

கேம் மேல் தப்பு இல்லைங்க. அந்தக் கார்டு ஒன்றே 230 வாட் கேட்கும், ஏஎம்டி சொல்வது 650 வாட் சப்ளை. ஹையில் வைத்ததும் கார்டு முழு மின்சாரமும் இழுக்கிறது, மோட்டார் ஓடும்போது வோல்டேஜும் சரிந்தால் எஸ்எம்பிஎஸ் கையை விரித்துவிடுகிறது. நல்ல 650 வாட் ஒன்று போடுங்கள். அதுவரை பிரேமை 60-க்குக் கட்டி, ஏஎம்டி அட்ரினலின் சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தாங்கும், கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்கத்தான் அது, மிஷனை முடிக்க இல்லை. மோட்டாருக்கும் வீட்டுக்கும் ஒரே ஃபேஸில் லைன் வருகிறதா என்று வயர்மேனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உடுமலையிலிருந்து: பையன் இந்த கேமுக்காக 50 ஆயிரத்துக்குக் கார்டு கேட்கிறான். இப்போது இருப்பது 1660 சூப்பர். அவசியமா தம்பி?

அவசியம் இல்லைங்கண்ணா. கேம் கேட்கும் குறைந்தபட்சமே 1060 6 ஜிபிதான், உங்கள் கார்டு அதற்கு மேலே. 1080பி, மீடியம், தேவைப்பட்டால் எஃப்எஸ்ஆர் குவாலிட்டி வைத்து விளையாடச் சொல்லுங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் காசு திரும்ப வரும், ஓட்டிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். பையன் என்னைத் திட்டுவான், பரவாயில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து: என்னதும் 3060 12 ஜிபி. பாத் டிரேசிங்கை ஒரு தடவையாவது பார்க்கணும், வழி இருக்கா?

இருக்கிறது. பாத் டிரேசிங் (எல்லா வெளிச்சத்தையும் ரே டிரேசிங்கிலேயே வரைவது) போட்டு ஓடிக்கொண்டு விளையாட நம் கார்டு தாங்காது, ஆனால் குறைந்தது 8 ஜிபி மெமரி இருக்கும் ரே டிரேசிங் கார்டுகளுக்குப் போட்டோ மோடில் (கேமை நிறுத்திப் படம் எடுக்கும் வசதி) மட்டும் பாத் டிரேசிங் என்று ஒரு தனி பட்டன் ரே டிரேசிங் செட்டிங்கிலேயே உண்டு. அதைப் போட்டுவிட்டு, ராத்திரி, மழை, ஜாப்பன்டவுன் என்ற பகுதியில் ஒரு சந்துக்குள் நின்று போட்டோ மோடைத் திறங்கள். படம் தெளிய சில விநாடி எடுக்கும், ஃபேன் கத்தும். நான் எடுத்த ஒரு படம்தான் இப்போது என் வால்பேப்பர், எத்தனை பிரேமில் எடுத்தாய் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.