வாடகை கட்டுவது நான், சிகரெட் வேண்டாம் என்று சொல்வது அரசாங்கமா?

கேள்வி: பினாங்கு லெபோ பாசார் பக்கம் சின்ன வாழையிலை உணவகம் நடத்துகிறேன். அப்பா காலத்துக் கடை. வாசலில் ஐந்தடி நடைபாதையில் இரண்டு மேசை போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து தே குடித்தபடி சிகரெட் பிடிக்கும் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் உண்டு. ‘புகைபிடிக்கக் கூடாது’ என்று அறிவிப்பு ஒட்டிவிட்டேன். அது போதாதா? அவர்கள் பிடித்தால் எனக்கும் சம்மன் வருமா? என் சொந்தக் காசில் நடக்கும் கடையில் இதைக்கூட நான் முடிவு செய்யக் கூடாதா?

பதில்: அறிவிப்பு மட்டும் போதாது. சம்மன் உங்களுக்கும் வரலாம். முதலில் அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், அப்புறம் உரிமைக்கு வருவோம்.

உணவகங்களில் புகைக்கத் தடை 2019 ஜனவரி 1-இல் வந்தது. முதல் ஓராண்டு எச்சரிக்கையோடு விட்டார்கள், 2020-இலிருந்து அபராதம். இப்போது நடப்பில் இருப்பது 2024 அக்டோபர் 1-இல் அமலுக்கு வந்த 852-ஆவது சட்டம், அதாவது புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டம். சிகரெட்டோடு வேப், ஷிஷா எல்லாம் இதற்குள் அடக்கம். தடை உள்ள இடத்தில் புகைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். அது அவருடைய குற்றம். அறிவிப்பு வைக்காமல் இருப்பதும், புகைக்க வசதி செய்து கொடுப்பதும் கடைக்காரரின் குற்றம். புகைத்தவர் அபராதம் கட்டிவிட்டார் என்பதால் உங்கள் கணக்கு தீராது.

‘வசதி’ என்றதும் எல்லாரும் ஆஷ்ட்ரேயைத்தான் நினைக்கிறார்கள். அதை எப்போதோ எடுத்துவிட்டோம் என்பார்கள். ஆனால் மேசைக்கு அடியில் பாதி தண்ணீரோடு ஒரு காலி மைலோ டின் இருக்கும், அதில் நாலு சிகரெட் துண்டு மிதக்கும். இல்லாவிட்டால் தே கிளாஸுக்குக் கீழே வரும் தட்டு அந்த வேலையைச் செய்யும். அதிகாரி முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான். உங்கள் வேலையாள் மரியாதைக்காகக் கொண்டுவந்து வைத்த டின்னாக இருந்தாலும், வைத்தது கடைதான். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அடுத்து தூரம். உணவகத்திலிருந்து 3 மீட்டர், அதாவது பத்தடி தள்ளித்தான் புகைக்கலாம். வாசலில் போட்ட மேசை நாற்காலியும் உணவகத்தில் சேர்ந்ததுதான். ஐந்தடிப் பாதையின் ஓரத்தில் போய் நின்றால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்தடி என்பது ஒன்றரை மீட்டர்தான். உங்கள் தெருவில் இன்னொரு சிக்கல் உண்டு. கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. உங்கள் மேசையிலிருந்து பத்தடி நகர்ந்தவர் பக்கத்து உணவகத்தின் மேசைக்கு அருகில் போய் நிற்பார். ஒரு நாள் காலையில் டேப் வைத்து அளந்து, எந்த இடத்தைக் காட்டலாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். (ஐந்தடியில் மேசை போட மாநகர் மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்பதையும் அப்படியே சரிபார்த்துவிடுங்கள். அது பொதுவழி.)

கல்லாவில் சிகரெட் விற்கிறீர்களா? 2025 ஏப்ரல் 1 முதல் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, உதிரியாகவும் விற்கக் கூடாது.

சரி, இனி உரிமை. உங்கள் கோபத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். இதே கேள்வியோடு புகைப்பவர்கள் ஏழு பேர் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். இந்தத் தடை அரசமைப்புச் சட்டம் தரும் உரிமைகளுக்கு முரணானது அல்ல என்று 2019-இல் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதற்காக அரசாங்கம் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் சிகரெட் வாங்கவே கூடாது என்ற யோசனையும் இதே சட்டத்தின் மசோதாவோடு பேசப்பட்டது. அரசமைப்பின் 8-ஆவது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு அது ஒத்துவராது என்ற சட்டத்துறைத் தலைவரின் கருத்துக்குப் பிறகு 2023-இல் அதைக் கைவிட்டார்கள். அதாவது, வயது வந்த ஒருவர் புகைப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. எங்கே புகைக்கிறார் என்பதில்தான் தலையிடுகிறது.

அந்தத் தலையீடு நியாயம் என்றே நான் நினைக்கிறேன். வாடிக்கையாளருக்குப் பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போவார் என்று நீங்கள் சொல்லலாம். தே ஆற்றும் பையன் எங்கே போவான்? காலையிலிருந்து இரவு வரை அந்த இரண்டு மேசைக்கும் நடுவில் நடப்பவன் அவன்தான். அவனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கேட்டாலும் சம்பளம் கொடுப்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. பிறர் விடும் புகையைச் சுவாசித்தே உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாசலில் திறந்த வெளிதானே என்பீர்கள். அங்கே நிற்கும் மின்விசிறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கடைகளில் அது புகையை உள்ளேதான் தள்ளுகிறது, இலைபோட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் மேல்.

பெரிய கடைகளைத் தொடுவதில்லை, சின்னக் கடைகளைத்தான் பிடிக்கிறார்கள் என்ற குறை பல கடைக்காரர்களிடம் உண்டு. சில இடங்களில் அதில் உண்மையும் இருக்கலாம். அப்படிக் கண்டால் சுகாதார அமைச்சுக்குப் புகார் எழுதுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் அது எல்லாக் கடையையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்லும் வாதம். உங்கள் கடைக்கு விலக்குக் கேட்கும் வாதம் ஆகாது.

கடை உங்களுடையது என்பதால் உங்கள் கையில் இருக்கும் உரிமை ஒன்று உண்டு, அதைத்தான் நம் ஆட்கள் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். சொல்லியும் கேட்காதவருக்குப் பரிமாற மறுக்கலாம், எழுந்து போகச் சொல்லலாம். பழகிய பெரியவரிடம் அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது. “அண்ணே, தே இங்கேயே இருக்கட்டும், நான் மூடி வைக்கிறேன். அந்தப் பக்கம் போய் முடிச்சிட்டு வாங்க” என்று கல்லாவில் இருக்கும் நீங்களே சொல்லுங்கள். பையனை அனுப்பாதீர்கள், அவன் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், நீங்கள் சொன்னால் மதிப்பார். கேட்காமல் சண்டைக்கு வருபவர் என்றால் கைகலப்பு வேண்டாம், படம் எடுத்து வம்பு வளர்க்கவும் வேண்டாம். பரிமாறுவதை நிறுத்திவிட்டு, தேதி, நேரம், நீங்கள் சொன்னது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அதிகாரிகள் வந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம், அதில் தவறில்லை. அறிவிப்பு எங்கே இருக்கிறது, ஆஷ்ட்ரே எதுவும் இல்லை என்பதைக் காட்டிவிட்டு அந்த நோட்டையும் எடுத்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் பெயரில் சம்மன் எழுதினால், அதிலுள்ள கெடு முடிவதற்குள் நோட்டின் நகலோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு முறையீடு எழுதிக் கொடுங்கள்.