பணம் போனது, பொருள் வரவில்லை

கேள்வி: கிரெடிட் கார்டில் 6,800 ரூபாய் செலுத்தி இணையக் கடையொன்றில் கிரைண்டர் வாங்கினேன். யாருமே வராத நாளில் ‘டெலிவரி செய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது; கடைக்காரர் இப்போது பதிலளிப்பதில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, முதலில் கார்டு வழங்கிய வங்கிக்கு, பொருள் கிடைக்கவில்லை என்று எழுத்துமூலம் தெரிவித்து, ‘சார்ஜ்பேக்’ முறையில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதற்குக் காலவரம்பு உண்டு என்பதால், கடைக்காரரின் பதிலுக்காகக் காத்திருந்து நாள்களை இழந்துவிடாதீர்கள். ஆர்டர் ரசீது, அந்தக் குறுஞ்செய்தி, கார்டு பில்லில் அந்தத் தொகை உள்ள பக்கம் ஆகியவற்றை இணையுங்கள். பொருளைப் பெற்றதாகக் காட்டும் கையொப்பத்தையோ ஓடிபி பதிவையோ கடைக்காரரிடம் கேட்பதும் அவசியம். பல வழக்குகள் அந்த ஒரு தாளில்தான் நிற்கின்றன. புகார் அளித்து 30 நாள்களில் வங்கி பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடைக்காரர்மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருப்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடலாம். மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் தயங்காமல் கேளுங்கள்.