தூக்கத்துல மூச்சு தடைபடுதான்னு (ஸ்லீப் ஆப்னியா) பாக்க வீட்டுல எடுக்குற ஸ்லீப் டெஸ்ட்ல நார்மல்னு வந்தா நம்பலாமா?

நீங்க கேட்டிருக்கறத பாத்தா ரிப்போர்ட் நார்மல்னு வந்தும் பகல்ல தூக்கம் தூக்கமா வருதுன்னு நினைக்கிறேன். அப்படின்னா அத்தோட விட்டுடாதீங்க.

எங்க அம்மா ஒல்லி, குறட்டையும் பெருசா கிடையாது. ஆனா காலைல எந்திரிச்சாலே தலைவலி, சாயங்காலமானா உக்காந்தபடியே தூங்கிருவாங்க. வயசாகுது, டென்ஷன்னு சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வீட்டுக்கே வந்து மூக்குல ட்யூப், நெஞ்சுல பெல்ட், விரல்ல கிளிப் மாட்டிட்டு போனாங்க, அத மாட்டிக்கிட்டு அம்மா பாதி ராத்திரி முழிச்சே கிடந்தாங்க, நான் பக்கத்துல தான் படுத்திருந்தேன். ரிப்போர்ட்ல 4, அதாவது மணிக்கு சராசரியா 4 தடவ மூச்சு தடைபடுதுன்னு. அஞ்சுக்கு கீழன்னா நார்மல், ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க.

விஷயம் என்னன்னா இந்த மாதிரி மெஷின்ல மூளை அலைய பாக்குற ஒயர் கிடையாது. ஆள் தூங்குறாங்களா முழிச்சிருக்காங்களான்னே அதுக்கு தெரியாது, மொத்தமா ஓடுன நேரத்தால வகுத்துரும். 8 மணி நேரம் ஓடி 32 தடவ மூச்சு தடைபட்டிருந்தா 4. தூங்குனதே 4 மணி நேரம்தான்னா அதே கணக்கு 8, அது நார்மல் இல்லயே. மூச்சு தடைபட்டு ஆக்சிஜன் அவ்வளவா இறங்காம தூக்கம் மட்டும் கலையிறதும் இதுல விட்டுப்போயிரும், ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு அந்த வகை அதிகம்.

சண்ட போட்டு லேப்ல ராத்திரி தங்க வச்சு எடுத்தோம். 19 வந்துச்சு. 15ல இருந்து 30க்குள்ளனா மாடரேட், அதாவது நடுத்தர அளவு.

உடனே வீட்டு டெஸ்ட் வேஸ்ட்னு சொல்றேன்னு யாரும் கமெண்ட்ல வராதீங்க. நல்லா குறட்டை விட்டு மூச்சு நிக்கறவங்களுக்கு, வேற பெரிய வியாதி இல்லன்னா, இது போதும், செலவும் கம்மி. வியாதி இல்லன்னு ரிப்போர்ட் வந்தா தான் அப்படியே நம்ப முடியாது. அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமியே 2017 வழிகாட்டுதல்ல வீட்டு டெஸ்ட் நெகட்டிவா வந்தா லேப்ல பாருங்கன்னு சொல்லியிருக்கு. ஹார்ட் ஃபெயிலியர், ஸ்ட்ரோக், நுரையீரல் வியாதி இருக்கறவங்களுக்கு மொதல்லயே லேப் தான்.

இதுல வயிறெரியறது இன்சூரன்ஸ். வெறும் டெஸ்டுக்காக அட்மிட் ஆனா கிளெய்ம் கிடையாதாம். வருஷா வருஷம் பிரீமியம் மட்டும் ஒரு நாள் தள்ளாம வாங்கிக்கிறாங்க. நீங்க லேப்ல சேர்றதுக்கு முன்னாடியே பாலிசில என்ன போட்டிருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க.