காரைத் தெருவில் நிறுத்தி சார்ஜ் செய்பவர்களுக்கு: ஒரு மின் ஒப்பந்ததாரரின் பதில்கள்

சென்னையின் பழைய குடியிருப்புகளில் வயரிங் வேலை எடுத்துச் செய்பவன் நான். மின்சாரக் கார் வாங்கிவிட்டு, வீட்டுக்குள் நிறுத்த இடமில்லாமல் தெருவில் நிறுத்துபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது என் துறை அல்ல.

மேற்கு மாம்பலத்திலிருந்து: ஐயா, நாங்கள் முதல் மாடியில் குடியிருக்கிறோம். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இறக்கி, தெருவில் நிற்கும் காருக்கு இரவில் சார்ஜ் போடுகிறேன். பாக்ஸ் சற்றுச் சூடாகிறது. பரவாயில்லையா?

இன்றிரவே நிறுத்துங்கள். காருடன் வரும் சார்ஜர் 3.3 கிலோவாட் வரை இழுக்கும். அதாவது 14 ஆம்பியருக்கு மேல். வாட்டர் ஹீட்டரும்தானே 2, 3 கிலோவாட் இழுக்கிறது என்று பலர் வாதாடுகிறார்கள். ஹீட்டர் சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடும். கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். வீட்டில் உள்ள வேறு எந்தச் சாதனமும் வயரை இப்படி வதைப்பதில்லை.

கடையில் விற்கும் எக்ஸ்டென்ஷன் வயர் பெரும்பாலும் 1 சதுர மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் குறைவு. அந்த வயர் 25 மீட்டர் நீளம் இருந்து, அதில் 14 ஆம்பியர் ஓடினால் சுமார் 15 வோல்ட் வழியிலேயே போய்விடும். 200 வாட்டுக்கு மேல் வயருக்குள்ளேயே வெப்பமாகும். நீளமாகக் கிடந்தால் காற்று அதைத் தணிக்கும். மிச்சமுள்ள வயரைச் சுருட்டிப் போட்டிருந்தால் வெப்பம் சுருளுக்குள் தங்கி மேலுறையை உருக்கிவிடும். நான் பார்த்த கருகிய வயர்களில் பெரும்பாலானவை சுருட்டி வைக்கப்பட்டவை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சார்ஜர் வயரின் நடுவே ஒரு பெட்டி இருக்கிறதல்லவா? மின்கசிவு ஏற்பட்டால் துண்டிப்பது அதன் வேலை. ஆனால் அது காப்பது பெட்டியிலிருந்து கார் வரை உள்ள பகுதியை மட்டுமே. வீட்டு சாக்கெட்டிலிருந்து பெட்டி வரை உள்ள வயர் கிழிந்தாலும் நனைந்தாலும் அதற்குத் தெரியாது. நீங்கள் தெருவரை நீட்டியிருப்பது அந்தப் பாதுகாப்பில்லாத பகுதியைத்தான்.

வீட்டு உரிமையாளர் சம்மதித்தால் கீழ்த்தளச் சுவரில் ஒரு பாயின்ட் வையுங்கள். மீட்டர் பலகையிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி (சுமை மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த், மழை புகாத மூடியுள்ள 16 ஆம்பியர் சாக்கெட் ஆகியவை வேண்டும். வீட்டு இணைப்பிலேயே சொந்தக் காருக்கு சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. தயங்கும் உரிமையாளரிடம் அதைக் காட்டலாம். ஆனால் கார் சுவரை ஒட்டி நின்று, இடையில் ஆள் நடக்க வழியே இல்லாதபோதுதான் இந்த ஏற்பாடு பொருந்தும்.

திருவல்லிக்கேணியிலிருந்து: எங்கள் வீடு பழையது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறவில்லை. எலக்ட்ரீஷியன் பிளக்கைப் பிரித்து ஏதோ இணைத்தார். இப்போது நன்றாக வேலை செய்கிறது. என்ன செய்திருப்பார்?

அம்மா, இதைப் படித்தவுடன் அந்த பிளக்கைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை, அதனால்தான் சார்ஜர் மறுத்தது. அவர் நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து சார்ஜரை ஏமாற்றியிருப்பார். எங்காவது நியூட்ரல் துண்டானால் காரின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். டயர் ரப்பர் என்பதால் அது தரைக்கும் இறங்காது. ஈரத் தெருவில் செருப்பில்லாமல் வந்து கதவைத் தொடுகிற குழந்தையின் வழியாகத்தான் இறங்கும்.

எர்த் குழி எடுத்து, எர்த் டெஸ்டரால் அளந்து, 5 ஓமுக்குள் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு சார்ஜ் போடுங்கள். நியூட்ரலும் எர்த்தும் பிளக்குக்குள் சேரவே கூடாது. எத்தனை பேர் கேட்டாலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வேளச்சேரியிலிருந்து: வீட்டில் ஏற்கெனவே ஆர்சிசிபி இருக்கிறது. அது போதாதா?

அதன் மேல் என்ன வகை என்று அச்சிட்டிருக்கிறது, பாருங்கள் தம்பி. பழைய வீடுகளில் பெரும்பாலும் மாறுமின்சாரக் கசிவை மட்டும் உணரும் ‘ஏசி’ வகைதான் இருக்கும். கார் சார்ஜரிலிருந்து நேர்மின்சாரம் கசிந்தால் அந்த வகை செயலிழந்து, உண்மையான ஆபத்து வரும்போது துண்டிக்காமல் போகலாம். குறைந்தபட்சம் ‘ஏ’ வகை வேண்டும். காருக்கென்று தனியாகவே வையுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: மின்கட்டணம் எவ்வளவு கூடும்?

நகரத்தில் சிறிய கார் ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். தினம் 35 கிலோமீட்டர் என்றால் 6 யூனிட்டுக்குள், இரண்டு மாத பில்லில் சுமார் 350 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீடு என்றால் 500 யூனிட்டைத் தாண்டிவிடுவீர்கள். அதற்கு மேல் ஒரு யூனிட்டின் கட்டணம் உயர்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இன்னொன்று: 6 யூனிட் ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகாது. தினமும் இரவு முழுவதும் கார் வயரில் தொங்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு முறை ஆறேழு மணி நேரம் போட்டாலும் போதும்.

மடிப்பாக்கத்திலிருந்து: மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும். அப்போது சார்ஜ் போடலாமா?

தூறலில் காரின் சார்ஜிங் துளையும் அதில் செருகும் துப்பாக்கி வடிவப் பிடியும் தாங்கும். அவை அதற்காகச் செய்யப்பட்டவை. வயரோ பெட்டியோ பிளக்கோ தரையில் கிடந்தால், தெருவில் ஓர் அங்குலத் தண்ணீர் நின்றாலும் போடாதீர்கள். 2023 டிசம்பர் புயலின்போது உங்கள் பகுதி எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பேட்டரிக்குச் சொல்லப்படும் ஐபி67 என்ற தண்ணீர்த் தடுப்புத் தரம் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரைக்குமான சோதனைதான். வெள்ளத்தில் மூழ்கிய காரை இயக்கவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். இழுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கக் கொடுங்கள்.

தாம்பரத்திலிருந்து: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகிறது. தரமானதாக வாங்கினால் சரியாகுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பெரம்பூரிலிருந்து: எங்கள் வீட்டு வாசலில் நடைபாதை மூன்றடி. அதன் குறுக்கே வயரைப் போட்டு மேலே ரப்பர் மேட் விரித்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். என் வீட்டு முன்னால் உள்ள இடம் எனக்குத்தானே? வேறு யாரும் நிறுத்தாமல் இருக்கப் பூந்தொட்டி வைக்கலாமா?

கூடாது. உங்கள் மதிலோடு உங்கள் இடம் முடிந்தது. அதற்கு அப்பால் இருப்பது மாநகராட்சியின் தெரு. ரப்பர் மேட்டின் மீது ஸ்கூட்டர்கள் ஏறி இறங்க, உள்ளே வயர் நசுங்குவது வெளியே தெரியாது.

அவரே மீண்டும்: கடைக்காரர் பலகை போடுகிறார், திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறார்கள். புகையில்லாமல் கார் ஓட்டும் என் வயர் மட்டும் குற்றமா?

மயிலாப்பூரிலிருந்து ஒருவர்: இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் அம்மா வாக்கர் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். எங்கள் தெருவில் இப்படி ஒரு மேட் வந்த பிறகு சாலையில் இறங்கி, பஸ்ஸுக்கு ஒதுங்கி நடக்கிறார். உங்கள் புகையில்லாத காரால் அவருக்கு என்ன நன்மை?

நான் இந்த அம்மாவின் பக்கம். மின்சாரக் கார் பெருக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனாலேயே சொல்கிறேன்: நடப்பவருடைய வழியைப் பறித்து அதைப் பெருக்க வேண்டாம். ஒரு மூதாட்டி தடுக்கி விழுந்தால் தெருவே மின்சாரக் காருக்கு எதிரியாகிவிடும்.

பெரம்பூரிலிருந்து: சரி, வயரை ஏழடி உயரத்தில் கம்பி வைத்துக் கொண்டுபோனால்?

குப்பை லாரி, தண்ணீர் லாரி, சப்பரம் எல்லாம் போகிற தெரு. காற்றடித்தால் ஆடி ஆடி இணைப்பில் தளரும். மாநகராட்சி அனுமதியில்லாமல் தெருவின் மேல் எதையும் நீட்டக் கூடாது.

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து: அண்ணா, இங்கே எங்கள் வீடுகளுக்கும் முன்னால் காரை நிறுத்த இடமில்லை. சில கவுன்சில்கள் நடைபாதையில் மெல்லிய கால்வாய் வெட்டி, வயரை அதற்குள் வைக்க விடுகின்றன. சென்னையில் இதைச் செய்யலாமே? தெருவிளக்குக் கம்பத்திலும் சார்ஜர் இருக்கிறது.

நல்ல ஏற்பாடுகள்தான் தம்பி. கால்வாய் வயரைத் தரைமட்டத்துக்குக் கீழே கொண்டுபோகிறது. ஆனால் வாசலில் வேறொருவர் காரை நிறுத்திவிட்டால் அது பயன்படாது, அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இங்கே நடைபாதைக்கு அடியில் மின்வாரியக் கேபிளும் குடிநீர்க் குழாயும் ஓடுகின்றன. தனியாள் கடப்பாரை எடுத்தால் உயிர்ச்சேதம்தான் மிஞ்சும்.

உங்கள் ஊர்க் கம்பங்களில் விளக்குகளை எல்இடிக்கு மாற்றியபோது மின்திறன் மிச்சமானது. அதிலிருந்து சுமார் 5 கிலோவாட் எடுக்கிறார்கள். இங்கே வரிசையாக உள்ள கம்பங்களுக்கு ஒரே பெட்டியிலிருந்து நேரம் வைத்து மின்சாரம் விடுகிறார்கள். பகலில் கம்பத்தில் மின்சாரமே இருக்காது. இதைப் படித்துவிட்டு யாரும் கம்பத்தில் கொக்கி போட வேண்டாம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-இன்படி அது மின்திருட்டு.

ஆம்ஸ்டர்டாம் முறைதான் எனக்குப் பிடித்தது. காருக்கு வீட்டில் இடமில்லாதவர் நகராட்சியிடம் விண்ணப்பிக்கிறார். நகராட்சி அருகிலேயே தெருவில் எல்லோருக்குமான சார்ஜரை நடுகிறது. சார்ஜர் வீட்டுக்குச் சொந்தமாக இல்லாமல் தெருவுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வாரத்தில் சில மணி நேரமே தேவைப்படும் ஒன்றுக்காக ஒவ்வொரு வாசலிலும் ஒரு வயர் எதற்கு?

நம் ஊரில் அதற்கு நகராட்சிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பொது சார்ஜிங் நடத்த மின்விநியோக உரிமம் தேவையில்லை என்று 2018-லேயே மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது. கல்யாண மண்டபத்தைப் பாருங்கள். பெரிய மின்இணைப்பு, காவலாளி, நிழல், கார் நிறுத்த இடம் எல்லாம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் மாதம் முழுவதும் காலியாகவே கிடக்கிறது. மற்ற மாதங்களிலும் முகூர்த்தமில்லாத நாட்களே அதிகம். பள்ளி மைதானம், ரேஷன் கடை முன்னிடம் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் இடம் கிடைக்கும். தெருக்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

கோவையிலிருந்து: சார்ஜர் எர்த் பிழை காட்டுகிறது. பிளக்குக்குள்ளேயே ஒரு ஜம்பர் வயர்...

வேண்டாம். திருவல்லிக்கேணிக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

மதுரையிலிருந்து: மின்சார ஸ்கூட்டருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பேட்டரியைக் கழற்றும் வண்டி என்றால் மேலே எடுத்துப்போய் சார்ஜ் செய்யுங்கள், படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் வைக்காமல். கழற்ற முடியாதது என்றால் இழுக்கும் மின்சாரம் குறைவு, எர்த் விதி ஒன்றுதான்.

நங்கநல்லூர் குடியிருப்போர் சங்கத்திலிருந்து: எங்கள் தெருவில் இப்போது ஆறு மின்சாரக் கார்கள். மண்டப உரிமையாளர் இடம் தரத் தயார். எத்தனை பாயின்ட் கேட்பது? டிரான்ஸ்பார்மர் தாங்குமா?

ஒரு காருக்கு வாரம் 40 யூனிட் வீதம் ஆறு கார்களுக்கு 240 யூனிட். ஒரு 3.3 கிலோவாட் பாயின்ட் இரவு பத்து மணி நேரம் ஓடினால் 33 யூனிட் தரும், வாரத்துக்கு 231. ஒன்றே ஏறக்குறைய போதும் என்று கணக்கு சொன்னாலும், எல்லோரும் ஒரே நாளில் வருவார்கள், ஒன்று பழுதாகும். மூன்று கேளுங்கள். மொத்தம் 10 கிலோவாட், மூன்று பேஸ் இணைப்பு, தனி மீட்டர்.

உங்கள் பகுதி மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் டிரான்ஸ்பார்மரின் திறன் எத்தனை கேவிஏ, மே மாத இரவில் எவ்வளவு சுமை ஏறுகிறது என்று இரண்டையும் கேளுங்கள். மாலை ஏழு முதல் பதினொன்று வரை எல்லா வீட்டிலும் ஏசி ஓடும். அந்த நேரத்தைத் தவிர்த்து, நள்ளிரவுக்குப் பிறகு டைமர் வைத்து ஏற்றினால் பெரும்பாலான இடங்களில் 10 கிலோவாட் சிக்கலாகாது. விண்ணப்பத்தில் ஆறு கார்களின் பதிவெண்களையும் இணைத்துக் கொடுங்கள். பொதுக் கோரிக்கை என்பதற்கு அதுவே சான்று. எர்த் குழி இரண்டு எடுங்கள், ஒன்று போதாது.