சினை ஆட்டுக்குத் தாது உப்பும் வைட்டமினும்: கேள்வி பதில்

குட்டி ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களிலும் பிந்தைய ஒரு மாதத்திலும் பால் ஆடுகளுக்குத் தர வேண்டிய தாது உப்பு, வைட்டமின் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

அம்மாபேட்டை வாசகர்: ஐயா, என்னிடம் இரண்டு தலைச்சேரி ஆடுகள் நான்கு மாதச் சினையாக உள்ளன. வைக்கோலும் தவிடும்தான் தருகிறேன். தாது உப்பை எப்போது, எவ்வளவு தர வேண்டும்?

இன்றே தொடங்குங்கள். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். வயிற்றுக் குட்டியின் எடையில் பெரும்பங்கு கடைசி ஆறேழு வாரங்களில்தான் கூடுகிறது. வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் தாது உப்புக் கலவையை அடர்தீவனத்தில் பிசிறித் தரலாம்.

ஆனால் உங்கள் ஆடுகளின் குறை தீவனத்திலேயே இருக்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு; வைக்கோலில் உள்ள ஆக்சலேட்டோ, கிடைக்கும் கொஞ்சநஞ்சக் கால்சியத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பழைய வைக்கோலில் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய கரோட்டின் இல்லை என்றே கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலெங்கும் தண்ணீர் நிற்க, வாரக்கணக்கில் ஆடுகளைக் கொட்டிலிலேயே கட்டிப்போடுகிறோம். அப்போது பசுந்தழை கிடைக்காத ஆடு, ஈரலில் சேர்த்துவைத்த வைட்டமினைக் கொண்டே காலம் தள்ளுகிறது. இந்த வைட்டமின் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு மிகக் குறைவாகவே போய்ச் சேரும். சீம்பால்தான் குட்டிக்கு முதல் வழி. தாயிடம் இல்லாதது சீம்பாலிலும் இராது. ஆகவே அகத்தி, சவுண்டல், வேலிமசால் என எது கிடைத்தாலும் அன்றாடம் தழை கொடுங்கள். சவுண்டலை மட்டும் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள். அதிலுள்ள மைமோசின் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கக்கூடியது.

வேதாரண்யம் வாசகர்: எங்கள் ஊர்க் கல்லுப்பு போதாதா?

சோடியத்துக்குப் போதும், தாமிரம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்குப் போதாது.

பாபநாசம் வாசகர்: எங்கள் வீட்டில் சினை ஆட்டுக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றுவது தலைமுறை வழக்கம். குட்டிகள் திடமாகவே பிறக்கின்றன. பிறகு கடைச் சரக்கு எதற்கு?

ஒரு லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு கிராம் கால்சியம்கூட இல்லை. அதற்கு மேல் தண்ணீரில் கரையாது. நீங்கள் ஊற்றும் அரை டம்ளரில் பத்தில் ஒரு கிராம் இருந்தால் அதிகம். ஒரு லிட்டர் பால் கறக்கும் ஆடு அந்தப் பாலில் மட்டும் ஒரு கிராமுக்கு மேல் கால்சியத்தை இழக்கிறது. அடியில் தங்கும் கலங்கலை ஊற்றினாலோ வாயும் தொண்டையும் வெந்துபோகும். படுத்திருக்கும் ஆட்டின் வாயில் எதையுமே ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

மயிலாடுதுறை வாசகர்: தாது உப்பு ஒரு ஆட்டுக்கு எத்தனை கிராம்?

முதல் பதிலில் இருக்கிறது.

திருவாரூர் வாசகர்: செம்மறிக்கு வாங்கிய கலவை மீதமுள்ளது. வெள்ளாட்டுக்குத் தரலாமா?

தற்காலிகமாகத் தரலாம், தொடர்ந்து தரக் கூடாது. செம்மறிக்குத் தாமிரம் எளிதில் நஞ்சாகும் என்பதால் அதற்கான கலவையில் தாமிரத்தைச் சேர்ப்பதில்லை, அல்லது மிகக் குறைத்துச் சேர்ப்பார்கள். வெள்ளாட்டுக்கு அது கூடுதலாகத் தேவை. தாயிடம் தாமிரம் குறைந்தால் குட்டிகள் பின்னங்கால் தள்ளாடப் பிறக்கலாம். மாறாக, வெள்ளாட்டுக் கலவையைச் செம்மறிக்கு ஒருபோதும் வைக்காதீர்கள்.

பாபநாசம் வாசகர் (மீண்டும்): கணக்கு சரி, ஐயா. ஆனால் எங்கள் ஆடுகள் நன்றாகத்தானே இருக்கின்றன?

உங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டா என்பதை நீங்கள் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் கொடிக்கு அகத்தியைத்தானே படர்காலாக நடுகிறார்கள்? அதன் தழை ஆடுகளுக்கு வந்துகொண்டிருந்தால், 100 கிராம் பச்சை அகத்தியிலேயே ஏறத்தாழ ஒரு கிராம் கால்சியம் இருக்கிறது. அதில் ஒரு பகுதிதான் உடலில் சேரும் என்றாலும், உங்கள் தெளிநீரை விட அது பல மடங்கு மேல். குட்டிகளின் திடத்துக்கான பெருமையை அகத்திக்குக் கொடுங்கள்.

மன்னார்குடி வாசகி: இன்னும் பத்து நாளில் ஈன வேண்டிய ஆடு நேற்றிலிருந்து தீவனம் எடுக்காமல் தள்ளாடுகிறது. காது சில்லென்றிருக்கிறது. கால்சியம் ஊசியை நானே போடலாமா?

வேண்டாம், அம்மா. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்குக் கால்சியம் குறைந்தாலும், உடலுக்கு வேண்டிய சர்க்கரை கிடைக்காமல் கொழுப்பு கரைந்து, அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்னும் பொருள் இரத்தத்தில் பெருகினாலும் அறிகுறிகள் இப்படியே இருக்கும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. கால்சியத்தை இரத்தக் குழாயில் விரைவாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இந்தப் பதிலைப் படித்தவுடன் மருத்துவரை அழையுங்கள். அதுவரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஒரத்தநாடு வாசகர்: ஈனுவதற்கு முன் செலினியம், வைட்டமின் ஈ ஊசி கட்டாயமா?

செலினியம் குறைந்த மண்ணுள்ள நாடுகளில், குட்டிகளைத் தாக்கும் வெண்தசை நோய்க்காக அதைப் போடுகிறார்கள். செலினியத்தில் தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது என்பதால், குறைபாடு தெரியாமல் போடக் கூடாது. உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அங்கே கேளுங்கள்.

நன்னிலம் வாசகர்: எத்தனை கிராம் என்று சொல்லவே இல்லையே?

முதல் பதில். முதல் பதில்.

கும்பகோணம் வாசகர்: தெளிநீர் பயனில்லை என்றால் முட்டை ஓட்டுத் தூள்?

அது பயனுள்ளது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஐந்து கிராம் தூளில் இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவான கால்சியம் கிடைக்கும். கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மாவாக அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுங்கள். அதில் தாமிரமோ அயோடினோ சொல்லும்படி இராது என்பதால், தாது உப்புக் கலவையை நிறுத்த வேண்டாம். பாபநாசத்து நண்பர் இதற்கும் மறுப்பு எழுதுவார். கொடிக்கால் உண்டா இல்லையா என்பதை முதலில் சொல்லிவிட்டு எழுதட்டும்.